வேலையிடத்தில் பாகுபாடும் சமவாய்ப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆள் எடுப்பது, சம்பளம் நிர்ணயிப்பது, பதவி உயர்வு தருவது, புகாரை விசாரிப்பது என்று வேலையிடத்தில் தினமும் யாரோ ஒருவர் இன்னொருவரைப் பற்றி முடிவெடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த முடிவுகளைப் பற்றி ஊழியர்களும், குழுத் தலைவர்களும், சிறு நிறுவனம் நடத்துபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பாகுபாடு நடக்கும் விதம் அவ்வளவாக மாறுவதில்லை. வெளிப்படையான வெறுப்பு இன்னமும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் யாரும் காரணம் கேட்காமல் விட்டுவிடும் முடிவுகளில்தான் பாகுபாடு அதிகம் ஒளிந்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழே உள்ள பதில்கள் அந்த நம்பிக்கையில் எழுதப்பட்டவை.

எதைப் பாகுபாடு என்கிறோம்? மேலதிகாரிக்கு என்னைப் பிடிக்கவில்லை என்பதும் பாகுபாடுதானா?

மேலதிகாரிக்கு உங்களைப் பிடிக்காமல் போவது மட்டும் பாகுபாடு ஆகாது. எல்லோரிடமும் ஒரே மாதிரி எரிந்து விழுபவர் மோசமான மேலாளர், அவ்வளவுதான். நீங்கள் யார் என்பதற்காக, அதாவது வேலைக்குச் சம்பந்தமே இல்லாத உங்கள் அடையாளத்துக்காக, மற்றவருக்குக் கிடைப்பது உங்களுக்குக் கிடைக்காமல் போனால் அது பாகுபாடு.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1958இல் கொண்டுவந்த 111ஆம் உடன்படிக்கை ஏழு அடிப்படைகளைச் சொல்கிறது: இனம், நிறம், பால், மதம், அரசியல் கருத்து, தேசியப் பூர்வீகம், சமூகப் பின்னணி. பல நாடுகள் தங்கள் சட்டங்களில் வயது, உடல் குறைபாடு, கர்ப்பம், பாலின அடையாளம், பாலியல் நாட்டம் ஆகியவற்றையும் சேர்த்திருக்கின்றன. அதே உடன்படிக்கை ஒரு விலக்கும் தருகிறது. அந்த வேலைக்கே உள்ளபடி தேவைப்படும் தகுதியைக் கேட்பது பாகுபாடு ஆகாது. பார்வைத் திறன் இல்லாதவரை ஓட்டுநராக எடுக்கவில்லை என்றால் அதில் தவறில்லை. அவரைக் கணக்கு எழுதும் வேலைக்கும் எடுக்க மாட்டேன் என்றால், அங்கே கேள்வி எழுகிறது.

எல்லோருக்கும் ஒரே விதியைத்தான் வைத்திருக்கிறோம். அதில் எப்படிப் பாகுபாடு வரும்?

வரும். இதைப் புரிந்துகொள்ள ஒரு வழக்கைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது.

அமெரிக்காவில் வட கரோலினாவில் டியூக் பவர் நிறுவனத்தின் டான் ரிவர் மின்நிலையம். 1965 வரை கறுப்பினத்தவருக்கு அங்கே கூலிப் பிரிவில் மட்டும்தான் வேலை. அந்தப் பிரிவின் மிக உயர்ந்த சம்பளம்கூட, வெள்ளையர் மட்டும் வேலை பார்த்த மற்ற பிரிவுகளின் மிகக் குறைந்த சம்பளத்தைவிடக் குறைவு. 1964இல் வந்த குடிமை உரிமைகள் சட்டம் வேலையில் இனப் பாகுபாட்டைத் தடை செய்தது. நிறுவனம் கதவைத் திறந்தது. திறந்த கையோடு, மற்ற பிரிவுகளுக்கு வர வேண்டுமானால் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும், பொது அறிவுத் திறனை அளக்கும் தேர்வுகளில் தேற வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் நின்றன. விதி எல்லோருக்கும் பொதுதான். ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தரம் குறைந்த, தனியாகப் பிரிக்கப்பட்ட பள்ளிகளில் படிக்க வைக்கப்பட்டவர்கள் யார்? அந்தச் சல்லடையில் யார் சிக்குவார்கள் என்பது முன்பே தெரிந்த விஷயம்.

1971இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது கேட்டது ஒன்றே ஒன்றைத்தான்: இந்த நிபந்தனைக்கும் அந்த வேலையைச் செய்யும் திறனுக்கும் என்ன சம்பந்தம்? நிறுவனத்தால் சம்பந்தம் காட்ட முடியவில்லை. சான்றிதழ் இல்லாமல் முன்பே வேலைக்குச் சேர்ந்த வெள்ளையர்கள் அதே பிரிவுகளில் நன்றாகவே வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோக்கம் நல்லதாக இருந்தாலும், பலன் ஒரு கூட்டத்தாரை வெளியே தள்ளுகிறது, வேலைக்கும் அது தேவைப்படவில்லை என்றால் அந்த விதி செல்லாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. இன்று பல நாட்டுச் சட்டங்களிலும் மறைமுகப் பாகுபாடு என்ற கருத்துக்கு இடம் இருக்கிறது.

உங்கள் நிறுவனத்தில் இருக்கும் விதிகளையும் இப்படிப் பார்க்கலாம். குறிப்பிட்ட சில கல்லூரிகளிலிருந்து மட்டும் ஆள் எடுப்பது, உயர வரம்பு வைப்பது, வேலையில் இடைவெளி இருந்தால் விண்ணப்பத்தை ஒதுக்குவது, இரவு எத்தனை மணிக்கு அழைத்தாலும் வர வேண்டும் என்பது. ஒவ்வொன்றிலும் கேட்க வேண்டியது, இதனால் வெளியே போவது யார், இது இல்லாவிட்டால் வேலை கெடுமா என்பதுதான்.

நேர்காணலில் ‘நம்ம டீமுக்கு செட் ஆகமாட்டார்’ என்று ஒருவரை நிராகரிக்கலாமா?

இந்தப் பேச்சு எந்த அறையில் எப்படி நடக்கும் என்று நேர்காணல் குழுவில் இருந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு விண்ணப்பதாரர்கள். இருவரும் கேள்விகளுக்கு ஏறக்குறைய ஒரே தரத்தில் பதில் சொன்னார்கள். இருவருக்குமே நடுவில் ஓராண்டு வேலை இல்லாத காலம் உண்டு. முதலாமவரைப் பற்றி, “சொந்தமா ஏதோ முயற்சி பண்ணியிருக்கார், துணிச்சலான ஆளு” என்கிறார்கள். இரண்டாமவரைப் பற்றி, “ஒரு வருஷம் சும்மா இருந்திருக்காங்க, டச் விட்டுப் போயிருக்குமே” என்கிறார்கள். முதலாமவர் பேசும் விதம், படித்த இடம், சிரிக்கும் நகைச்சுவை எல்லாம் குழுவில் உட்கார்ந்திருப்பவர்களைப் போலவே இருக்கிறது. கடைசியில் யாரோ ஒருவர், “ரெண்டு பேரும் நல்லாத்தான் பண்ணாங்க, ஆனா அவங்க நமக்கு செட் ஆவாங்களான்னு தெரியல” என்கிறார். மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். பேச்சு முடிந்தது.

அந்த அறையில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே ஓராண்டு ஒருவருக்குத் துணிச்சலாகவும் இன்னொருவருக்குக் குறையாகவும் ஆகிவிட்டது.

இது வெறும் ஊகம் இல்லை என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பெர்ட்ரண்ட், முல்லைநாதன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதிகள் ஒன்றுபோலவே இருக்கும், பெயர் மட்டும் மாறும். 2004இல் வெளியான முடிவின்படி, வெள்ளையர் என்று தோன்றும் பெயர்களுக்குச் சுமார் 10 விண்ணப்பங்களுக்கு ஓர் அழைப்பு வந்தது. கறுப்பினத்தவர் என்று தோன்றும் பெயர்களுக்கு ஓர் அழைப்பு வர 15 விண்ணப்பங்கள் அனுப்ப வேண்டியிருந்தது. விண்ணப்பத்தைக் கையில் எடுத்தவர்கள் பெயரைத் தாண்டி எவ்வளவு தூரம் படித்திருப்பார்கள்?

ஆக, ‘செட் ஆகமாட்டார்’ என்பதைக் காரணமாக ஏற்கக் கூடாது என்பது என் நிலைப்பாடு. அப்படிச் சொல்பவரிடம், “எந்த வேலையில், எந்தச் சூழ்நிலையில் செட் ஆகமாட்டார்? நேர்காணலில் எந்தப் பதிலில் அது தெரிந்தது?” என்று கேளுங்கள். உண்மையான காரணம் இருந்தால் வெளியே வரும். உதாரணமாக, “சக ஊழியரின் தவறை எப்படிச் சொல்வீர்கள் என்ற கேள்விக்கு, எல்லோர் முன்னாலும் சொல்வேன் என்றார்” என்பது ஒரு காரணம். அதைப் பற்றிப் பேசலாம்.

அப்படியென்றால் நேர்காணலை எப்படி நடத்துவது?

வேலைக்கு என்னென்ன தேவை என்று ஆட்களைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். முன்பே என்பதுதான் முக்கியம். ஆளைப் பார்த்தபிறகு எழுதினால், பிடித்தவரிடம் இருப்பதெல்லாம் தேவையாகத் தோன்றும். எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேளுங்கள். குழுவில் இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு முன்னால் தனித்தனியாக மதிப்பெண் போடட்டும், பக்கத்தில் ஒரு வரி காரணமும் எழுதட்டும். மூத்தவர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்வது இயல்பு.

கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும், உண்மைதான். ஆனால் அரட்டைபோல நடக்கும் நேர்காணலைவிட இப்படி ஒழுங்கமைத்த நேர்காணல்தான் யார் நன்றாக வேலை செய்வார் என்பதைக் கூடுதல் துல்லியமாகக் காட்டுகிறது என்று பணியாளர் தேர்வு பற்றிய ஆய்வுகள் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகின்றன. நியாயத்துக்காகச் செய்வது தேர்வின் தரத்தையும் கூட்டுகிறது.

கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை எப்போது என்றெல்லாம் கேட்கலாமா?

கூடாது. வாரத்தில் இத்தனை நாள் வெளியூர் போக வேண்டியிருக்கும், முடியுமா என்று கேட்கலாம். அதையும் ஆண், பெண் எல்லோரிடமும் கேட்க வேண்டும்.

குழந்தை சின்னது, கஷ்டப்படுத்த வேண்டாம் என்ற நல்லெண்ணத்தில்தான் அவருக்குப் பெரிய பொறுப்பைக் கொடுக்கவில்லை. இதுவும் தப்பா?

நல்லெண்ணம் என்பதை நம்புகிறேன். ஆனாலும் தப்புதான். ஏனென்றால் அவரிடம் யாரும் கேட்கவில்லை.

என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெரிய திட்டம் ஒன்று வருகிறது. மேலாளர் மனதில், பிரசவ விடுப்பு முடிந்து வந்தவரின் பெயர் முதலில் வருகிறது, உடனே அதைத் தானாகவே தள்ளிவிடுகிறார். அந்தத் திட்டம் வேறொருவருக்குப் போகிறது. ஆண்டு முடிவில் மதிப்பீடு வருகிறது. “பெரிய திட்டம் எதுவும் தலைமை ஏற்று நடத்தவில்லை” என்று அவருடைய படிவத்தில் எழுதப்படுகிறது. எழுதுபவர் பொய் சொல்லவில்லை. ஆனால் வாய்ப்பைக் கொடுக்காமல் இருந்ததும் அவர்தான். பதவி உயர்வு கிடைக்காமல் போன காரணத்தை அந்தப் பெண் தன் திறமையில் தேடிக்கொண்டிருப்பார். எனக்கு இந்த வகைப் பாகுபாட்டைப் பார்த்தால்தான் மற்ற எல்லாவற்றையும்விட வேதனை அதிகம், ஏனென்றால் பாதிக்கப்பட்டவருக்கே அது தெரிவதில்லை.

2007இல் ஷெல்லி கோரெலும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், தகுதியில் சமமான விண்ணப்பங்களில் ஒன்றில் மட்டும் அவர் ஒரு தாய் என்பதற்கான குறிப்பு இருந்தது. மதிப்பிட்டவர்கள் தாய்மார்களுக்குக் குறைந்த தொடக்கச் சம்பளத்தைப் பரிந்துரைத்தார்கள். எத்தனை நாள் தாமதமாக வந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்பதில்கூடத் தாய்மார்களுக்குக் கொடுத்த சலுகை மற்றவர்களுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. தந்தையர்க்கு இப்படி எந்த இழப்பும் இல்லை.

செய்ய வேண்டியது எளிது. கேளுங்கள். “இப்படி ஒரு பொறுப்பு வருகிறது, இவ்வளவு பயணம் இருக்கும், எடுத்துக்கொள்கிறீர்களா?” முடியாது என்றால் அது அவர் முடிவு. அடுத்த முறையும் கேளுங்கள், இந்த முறை மறுத்தார் என்பதற்காகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

எங்கள் அலுவலகத்தில் யாரும் சாதி கேட்பதில்லை. அப்படியிருக்க சாதிப் பாகுபாடு எப்படி வரும்?

நேரடியாகக் கேட்பதில்லைதான். சொந்த ஊர் எது, அதில் எந்தப் பக்கம், அப்பா என்ன வேலை, வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள், முழுப் பெயர் என்ன என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். கேட்கப்படுபவருக்கு எதற்காகக் கேட்கிறார்கள் என்பது முதல் கேள்வியிலேயே புரிந்துவிடும். பதில் தெரிந்தபிறகு மதிய உணவுக்கு அழைப்பு நின்றுபோவது, முக்கியமான பேச்சுகள் அவர் இல்லாதபோது நடப்பது, மதிப்பீட்டில் ‘தன்னம்பிக்கை போதாது’ போன்ற அளக்க முடியாத குறைகள் வருவது எல்லாம் மெல்லத் தொடங்கும். பேச்சு வழக்கைக் கிண்டல் செய்வதும் இதில் சேரும்.

கடல் கடந்து போனால் இது தீர்ந்துவிடும் என்பதும் உண்மை இல்லை. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் இயற்றியது. அந்நாட்டில் அப்படிச் செய்த முதல் நகரம் அது. தேவை இல்லாமலா அப்படி ஒரு சட்டம் வந்திருக்கும்?

நிறுவனம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் பாகுபாடு எதிர்ப்புக் கொள்கையில் ‘சாதி’ என்ற சொல்லை வெளிப்படையாக எழுதுங்கள். ‘எந்த வகைப் பாகுபாடும்’ என்று பொதுவாக எழுதினால், புகார் கொடுக்க வருபவர் தன் பிரச்சினை அதில் சேருமா என்பதிலிருந்தே வாதாட வேண்டியிருக்கும்.

‘சம வேலைக்குச் சம சம்பளம்’ கொடுக்கிறோம். போதாதா?

பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1951ஆம் ஆண்டு 100ஆம் உடன்படிக்கை ‘சம மதிப்புள்ள வேலை’ என்று சொல்கிறது. பெயர் வேறாக இருந்தாலும், தேவைப்படும் திறமை, உழைப்பு, பொறுப்பு, வேலைச் சூழல் ஆகியவை சமம் என்றால் சம்பளமும் சமமாக இருக்க வேண்டும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதை இங்கிலாந்தின் டாகன்ஹாமில் ஃபோர்டு தொழிற்சாலையில் கார் இருக்கை உறை தைத்த பெண்கள் உலகத்துக்குக் காட்டினார்கள். தையல் இயந்திரத்தில் பல துண்டுகளை நுணுக்கமாக இணைத்து இருக்கை உறையாக்கும் வேலை அவர்களுடையது. நிர்வாகம் அதைத் திறன் குறைந்த வேலை என்று வகைப்படுத்தியது. அதுவும் போக, அந்தக் குறைந்த வகையில் ஆண்கள் வாங்கியதிலும் 15 சதவீதம் குறைவாகக் கொடுத்தது. 1968இல் 187 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உறை இல்லாமல் கார் எப்படி வெளியே போகும்? உற்பத்தி நின்றது. அரசு தலையிட்டு, ஆண்களின் சம்பளத்தில் 92 சதவீதத்துக்குப் பேசி முடித்தார்கள். 1970இல் பிரிட்டனில் சமச் சம்பளச் சட்டம் வர இந்தப் போராட்டம் ஒரு காரணம்.

ஆனால் அந்தப் பெண்கள் முதலில் கேட்டது என்ன? தங்கள் வேலையைத் திறன் வேண்டிய வேலையாக அங்கீகரிக்க வேண்டும் என்பது. அது கிடைக்க இன்னொரு வேலைநிறுத்தமும் 1984ஆம் ஆண்டும் தேவைப்பட்டன. சம்பள இடைவெளியைக் குறைப்பதைவிட, ஒரு வேலையை யார் செய்கிறார்கள் என்பதை வைத்து அதன் மதிப்பைத் தீர்மானிக்கும் பழக்கத்தை மாற்றுவது கடினம்.

சம்பளத்தைப் பற்றிச் சக ஊழியரிடம் பேசக் கூடாது என்கிறார்கள். அது சரியா?

பேசாமல் இருந்தால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். லில்லி லெட்பெட்டர் என்பவர் அமெரிக்காவில் அலபாமாவில் குட்இயர் டயர் தொழிற்சாலையில் 1979 முதல் 1998 வரை வேலை பார்த்தார். பணிக்காலம் முடியப்போகும் நேரத்தில் யாரோ பெயர் சொல்லாமல் ஒரு துண்டுச் சீட்டை அவருக்கு வைத்துவிட்டுப் போனார்கள். அதில்தான் தன்னோடு அதே பதவியில் இருந்த ஆண்களின் சம்பளத்தைப் பார்த்தார். 1997 முடிவில் அவருக்கு மாதம் 3,727 டாலர். ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286 டாலர், அதிகம் வாங்கியவருக்கு 5,236 டாலர்.

வழக்குப் போட்டார். 2007இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சம்பளத்தை நிர்ணயித்த நாளிலிருந்து 180 நாளுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டுமாம். தெரியாத ஒன்றைப் பற்றி எப்படிப் புகார் கொடுப்பது? 2009இல் அவர் பெயரிலேயே ஒரு சட்டம் வந்து, பாகுபாடான சம்பளம் கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் அந்தக் காலக்கெடு புதிதாகத் தொடங்கும் என்று ஆனது. அவருக்கு அதனால் பணம் எதுவும் வரவில்லை.

இப்போது காற்று வேறு பக்கம் வீசுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த சம்பள வெளிப்படைத்தன்மை ஆணையின்படி, முந்தைய சம்பளம் எவ்வளவு என்று விண்ணப்பதாரரிடம் கேட்கக் கூடாது, தொடக்கச் சம்பளம் அல்லது அதன் வரம்பை முன்கூட்டியே சொல்ல வேண்டும். முந்தைய சம்பளத்தைக் கேட்டு அதன்மேல் சதவீதம் கூட்டினால், பழைய இடத்தில் நடந்த அநியாயத்தை நீங்கள் உங்கள் இடத்துக்கும் கொண்டுவருகிறீர்கள். சட்டம் இல்லாத நாட்டிலும் இந்தக் கேள்வியை இன்றே நிறுத்தலாம்.

மாற்றுத்திறனாளிக்குத் தனி வசதி செய்துகொடுப்பது மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா?

இல்லை. மேசை உயரமும் மாடிப் படியும் திரையில் உள்ள எழுத்தின் அளவும் ஏற்கெனவே யாருக்கோ வசதியாகத்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. மற்றவருக்காகவும் மாற்றினால் அதைச் சலுகை என்கிறோம். 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நியாயமான வசதியை மறுப்பதையே பாகுபாடு என்று வரையறுக்கிறது. ‘நியாயமான’ என்றால், நிறுவனத்தின் மேல் அளவுக்கு மீறிய சுமை ஏற்றாத வசதி. திரை வாசிப்பு மென்பொருள், வேலை நேரத்தில் சிறு மாற்றம், தரைத்தளத்தில் இருக்கை என்று பெரும்பாலும் சின்ன விஷயங்களாகவே இருக்கும். என்ன வேண்டும் என்பதை நீங்களே ஊகிக்காமல் அவரிடம் கேட்பது நல்லது.

தகுதியைப் பார்ப்பதா, பன்முகத்தன்மையைப் பார்ப்பதா?

இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதை நான் ஏற்கவில்லை. இன்று எல்லோரும் ஒரே பின்னணியிலிருந்து வந்திருக்கும் ஒரு குழுவைப் பார்த்து, ‘தகுதியின்படி எடுத்தோம், இப்படித்தான் அமைந்தது’ என்று சொன்னால், அந்தத் தகுதியை யார், எதை வைத்து அளந்தார்கள் என்று நான் கேட்பேன். ஏற்கெனவே இருப்பவர்களின் நண்பர்கள் வழியாகவே விண்ணப்பங்கள் வந்திருந்தால், தகுதி உள்ளவர்களில் பாதிப் பேருக்குச் செய்தியே போயிருக்காது. விளம்பரத்தைப் பரவலாக வெளியிடுவதும், தேவையில்லாத நிபந்தனையை நீக்குவதும் தகுதியைக் குறைப்பது ஆகாது. தேடும் இடத்தை அகலமாக்குகிறது.

இட ஒதுக்கீடு தனி விவாதம். பல நூற்றாண்டு மறுப்புக்கு ஈடு செய்யும் நடவடிக்கைகளை மேற்சொன்ன 111ஆம் உடன்படிக்கையே பாகுபாடாகக் கருதக் கூடாது என்று அனுமதிக்கிறது என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன். அந்த வழியில் வந்தவரிடம் ‘கோட்டாவில் வந்தவர்’ என்று பேசுவது துன்புறுத்தல்.

கம்ப்யூட்டரே விண்ணப்பங்களைச் சலித்தால் பாரபட்சம் இருக்காதல்லவா?

அமேசான் நிறுவனம் 2014 வாக்கில் அப்படி ஒரு கருவியை உருவாக்கத் தொடங்கியது. பத்தாண்டுகளில் வந்த விண்ணப்பங்களை வைத்து அதற்குக் கற்றுக்கொடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. அது கற்றுக்கொண்டதும் அதைத்தான். ‘மகளிர்’ என்ற சொல் வந்த விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் குறைத்தது, இரண்டு மகளிர் கல்லூரிகளின் பட்டதாரிகளையும் கீழே தள்ளியது. திருத்திப் பார்த்தும் நம்பிக்கை வராமல் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். இது 2018இல் செய்தியானது. பழைய முடிவுகளைப் பார்த்துக் கற்கும் எதுவும் பழைய பாரபட்சத்தையும் சேர்த்தே கற்கும். நீங்கள் வாங்கும் கருவி யாரை எந்த விகிதத்தில் நிராகரிக்கிறது என்ற கணக்கை விற்பவரிடம் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள்.

வருடத்துக்கு ஒரு முறை பயிற்சி வகுப்பு நடத்துகிறோம். அது போதுமா?

போதாது. அமெரிக்காவில் 700க்கும் மேற்பட்ட தனியார் நிறுவனங்களின் பல்லாண்டுத் தரவை ஆராய்ந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில், மேலாளர்களின் பாரபட்சத்தைப் போக்கும் பயிற்சி மிகக் குறைந்த பலனையே தந்தது. இந்தப் பொறுப்பை ஒரு குறிப்பிட்ட நபரிடமோ குழுவிடமோ ஒப்படைத்து, அவர்களைப் பதில் சொல்ல வைத்த இடங்களில்தான் மாற்றம் தெரிந்தது.

சும்மா ஜோக்குக்குச் சொன்னேன் என்கிறார்கள். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

இல்லை. யாரைப் பற்றிச் சொன்னாரோ அவர் சிரிக்க முடியாத நகைச்சுவை, அவர் அங்கே வேலை செய்வதைக் கடினமாக்குகிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2019ஆம் ஆண்டு 190ஆம் உடன்படிக்கை, வேலையிடத் துன்புறுத்தல் ஒரே ஒரு முறை நடந்தாலும் துன்புறுத்தல்தான் என்கிறது. பாலியல் கேலி, உடலைப் பற்றிய பேச்சு, ‘உங்க ஆளுங்க எல்லாம் இப்படித்தான்’ என்பது எதுவானாலும் சரி.

எனக்கு இப்படி நடக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

எழுதத் தொடங்குங்கள், இன்றைக்கே. தேதி, நேரம், இடம், யார் என்ன சொன்னார், உடன் யார் இருந்தார். உங்கள் உணர்வை அப்புறம் எழுதலாம், முதலில் சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள். “என்னை அவமானப்படுத்தினார்” என்பதைவிட, “செவ்வாய்க்கிழமை மாலைக் கூட்டத்தில், ஆறு பேர் முன்னால், ‘இந்த வேலை உங்களுக்குப் புரியாது, பொம்பளைங்க வேற ஏதாவது பாருங்க’ என்றார்” என்பது விசாரணையில் நிற்கும். பழைய மதிப்பீட்டுப் படிவங்கள், பாராட்டு மின்னஞ்சல்கள், பணி நியமனக் கடிதம் ஆகியவற்றின் நகல் உங்களிடம் இருக்கட்டும். நிறுவனத்தின் ரகசிய ஆவணங்களை எடுக்காதீர்கள், அது உங்களுக்கே வினையாகும்.

வாய்மொழியாகப் பேசினால், பேசி முடித்ததும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: “இன்று நாம் பேசியதில் நான் இதைத் தெரிவித்தேன், நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்.” பதில் வந்தாலும் வராவிட்டாலும் அது ஒரு பதிவு. உங்களோடு ஒப்பிடக்கூடிய இன்னொருவர் எப்படி நடத்தப்பட்டார் என்பதையும் குறித்துவையுங்கள். பாகுபாட்டை நிரூபிப்பது பெரும்பாலும் இந்த ஒப்பீட்டில்தான் நிற்கும். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவையுங்கள். தனியாகச் சுமக்க வேண்டிய விஷயம் இல்லை இது.

புகார் கொடுத்தால் பழிவாங்குவார்களே?

பயம் நியாயமானது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் சமவேலைவாய்ப்பு ஆணையத்துக்கு அண்மை ஆண்டுகளில் வந்த புகார்களில் ஏறக்குறைய பாதி பழிவாங்கல் பற்றியவை. ஆனால் அந்தக் கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது: பழிவாங்குவதே தனிக் குற்றம். முதல் புகார் நிரூபிக்கப்படாவிட்டாலும், புகார் கொடுத்ததற்காக உங்களை இடம் மாற்றினாலோ, மதிப்பீட்டைக் குறைத்தாலோ அதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டிவரும். அதனால்தான் புகாருக்கு முன் உங்கள் வேலை எப்படி மதிப்பிடப்பட்டது என்ற ஆவணம் அவ்வளவு முக்கியம்.

பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு நடக்கிறது. நான் என்ன செய்யலாம்?

அவர் சொன்ன யோசனையை வேறொருவர் தன்னுடையதாகச் சொன்னால், “இது முதலில் அவர் சொன்னது” என்று கூட்டத்திலேயே சொல்லுங்கள். கேலி நடந்தால், “இதில் சிரிக்க என்ன இருக்கிறது?” என்று அமைதியாகக் கேட்டாலே பல நேரம் நின்றுவிடும். அப்புறம் அவரிடம் தனியாகப் போய், “நான் பார்த்தேன், தேவைப்பட்டால் சாட்சி சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். அவர் கேட்காமல் அவருக்காகப் புகார் எழுத வேண்டாம்.

என்மேல் புகார் வந்திருக்கிறது. பொய்ப் புகாராக இருந்தால்?

புகார் கொடுத்தவரிடம் போய்ப் பேசாதீர்கள், மற்றவர் மூலமும் பேசாதீர்கள். புகாரின் நகலைக் கேளுங்கள், எழுத்தில் பதில் கொடுங்கள், உங்கள் சாட்சிகளைச் சொல்லுங்கள். இரு தரப்பையும் கேட்டபிறகே முடிவு என்பது உங்களுக்கும் உள்ள உரிமை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நிரூபிக்கப்படாத புகார் வேறு, பொய்ப் புகார் வேறு. வேலையிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க இந்தியா 2013இல் கொண்டுவந்த சட்டம், ஆதாரம் காட்ட முடியவில்லை என்பதற்காக மட்டும் புகார் கொடுத்தவர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை என்று தெளிவாகவே சொல்கிறது.

எங்களுடையது சிறிய நிறுவனம், எச்.ஆர். கிடையாது. எங்கே ஆரம்பிப்பது?

ஒரு விரிதாளைத் திறந்து, எல்லோருடைய சம்பளம், பதவி, அனுபவம், கடைசியாகச் சம்பளம் உயர்ந்த தேதி ஆகியவற்றை ஒரே பக்கத்தில் போடுங்கள். ஒரே வேலை செய்யும் இருவருக்கு வித்தியாசம் இருந்தால், பக்கத்துக் கட்டத்தில் காரணத்தை எழுதிப் பாருங்கள். அந்த ஊழியரிடமே நேரில் சொல்லக்கூடிய காரணமா? சொல்ல முடியாது என்றால் சம்பளத்தைத் திருத்துங்கள். அடுத்தது, புகாரை யாரிடம் கொடுப்பது என்று இரண்டு பெயர்களை அறிவியுங்கள். ஒரே பெயர் போதாது, புகார் அவர் மேலேயே இருக்கலாம்.

வேலையை விட்டு வந்துவிட்டேன். இனிமேல் புகார் கொடுக்க முடியுமா?

பல நாடுகளில் முடியும், ஆனால் காலக்கெடு குறுகியது. மேலே சொன்ன இந்தியச் சட்டத்தில் கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதம். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். அமெரிக்காவில் 180 நாள், பல மாநிலங்களில் 300 நாள். அதனால் மனம் ஆறட்டும் என்று காத்திருக்காமல், உங்கள் நாட்டின் கெடு எவ்வளவு என்பதைத் தொழிலாளர் துறையிடமோ, தொழிற்சங்கத்திடமோ, வழக்கறிஞரிடமோ இந்த வாரமே கேட்டுவிடுங்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்று அதற்குப் பிறகு நிதானமாக யோசிக்கலாம்.